கோரைமுடிக்கு எந்த ராடு?

தேவிப்ரியாவுக்கும் எனக்கும் நடுவில் ஒரு திரைச்சீலைதான் இருக்கிறது. செங்கம் ரோட்டில், ரமணாசிரமத்தைத் தாண்டி, மாடியில் ஒரே அறை. ரோட்டைப் பார்த்த பாதியில் நான் ஜாக்கெட் தைக்கிறேன். உள்பாதியில் அவள் பார்லர் வைத்திருக்கிறாள். திரை நான் தைத்ததுதான். இரண்டு இடத்தில் கிழிந்துவிட்டது. மாற்றச் சொல்லி அவளும் அலுத்துவிட்டாள், கேட்டு நானும் அலுத்துவிட்டேன். அந்தப் பக்கம் பேசுவதெல்லாம் இந்தப் பக்கம் கேட்கும். ரஹமத் ஒட்டுக்கேட்கிறாள் என்று யாராவது சொன்னால் எனக்குப் பொல்லாத கோபம் வரும். காது இருக்கிறது, கேட்கிறது, அவ்வளவுதான்.

ஊரில் பார்லருக்குப் பஞ்சமில்லை, தெருவுக்கு நாலு இருக்கிறது. ஆனால் பெர்ம் என்றால், அதாவது நேராக இருக்கிற முடியை மருந்து போட்டுச் சுருட்டை ஆக்குவது என்றால், வேலூரிலிருந்துகூட தேவியைத் தேடி வருவார்கள். அதற்கு ராடு என்று பிளாஸ்டிக் குச்சிகள் உண்டு. முடியைக் கற்றை கற்றையாகப் பிரித்து ராடில் சுற்றி, மருந்து ஊற்றி ஊற வைத்து, அலசி, அந்தச் சுருள் அப்படியே நிற்பதற்கு இன்னொரு மருந்து ஊற்ற வேண்டும். ராடு என்ன கனமோ சுருளும் அதே கனம். சிவப்பு ராடு பென்சிலைவிட மெல்லிசு, அதில் சுற்றினால் முடி தலையோடு ஒட்டிக்கொண்டு நெருக்கமாகச் சுருளும். சாம்பல் ராடு சுண்டுவிரல் கனம். வெள்ளை அதைவிடக் கொஞ்சம் பெரிது. ஊதாவும் ஆரஞ்சும் கட்டைவிரலைவிடப் பருமன். அவற்றில் சுருள் வராது, அலைதான் வரும். பத்து வருஷமாகத் திரைக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்தே இவ்வளவும் எனக்கு மனப்பாடம்.

தேவி எடுத்த எடுப்பில் ராடைத் தொடமாட்டாள். வந்தவர் முடியின் நுனியை விரலில் சுற்றி, விட்டு, அது எப்படி அவிழ்கிறது என்று பார்ப்பாள். கைப்பேசியில் ஏதோ கொரியாக்காரன் படத்தைக் காட்டி, "அக்கா, இதே மாதிரி" என்று அடி அண்ணாமலைப் பையன்கள் வந்து நிற்பார்கள். "முடி ராடை ரெண்டரை சுத்தாவது சுத்தணும். உன்னுது ஒரு சுத்துக்கே மூச்சு வாங்குது. ரெண்டு மாசம் வளத்துக்கினு வா" என்று திருப்பி அனுப்புவாள். ஆசிரமத்துக்கு வந்து தங்குகிற வெள்ளைக்காரம்மாக்களுக்கு முடி பட்டுநூல் மாதிரி இருக்கும். பெரிய அலையாக வேண்டும் என்று ஆரஞ்சு ராடைக் கையிலேயே எடுத்துவிடுவார்கள். "மேடம், திஸ் டூ டேஸ், தென் கோயிங்" என்று அதைப் பிடுங்கி வைத்துவிட்டு, சாம்பலை எடுப்பாள். மெல்லிய முடியில் சாம்பலில் சுற்றியது நாலு நாளில் தானே தளர்ந்து, அவர்கள் கேட்ட அலையாகவே வந்து நிற்கும். பாக்கெட் சாயம் பூசிய தலை வந்தால் ஒரு சின்னக் கற்றையில் மருந்து போட்டுப் பார்ப்பாள். அந்தக் கற்றை கையில் சூடாகிவிட்டால் அவ்வளவுதான், யார் கெஞ்சினாலும் செய்யமாட்டாள்.

மனிதர்களுக்கும் ராடு வைத்துப் பேர் வைத்திருக்கிறாள். நான் சிவப்பு. தொட்டால் சுருங்குகிற கோபமாம் எனக்கு. சொல்லிவிட்டுச் சிரிப்பாள். எனக்கு அதற்கும் கோபம்தான் வரும்.

இவ்வளவு கைவாகு உள்ளவள் கல்யாண அலங்காரத்துக்குப் போயிருந்தால் எங்கேயோ இருப்பாள். ஆனால் யாரும் கூப்பிட மாட்டார்கள். புருஷன் இல்லாதவள் கை மணப்பெண் தலையில் படக்கூடாதாம். கடை வைத்த புதிதில் ஒரு கல்யாணத்துக்குப் போனாள். பாதி ஜடை பின்னியிருக்கும்போது யாரோ விசாரித்துச் சொல்லிவிட, கையிலிருந்த சீப்பை வாங்கிக்கொண்டு அனுப்பிவிட்டார்கள். வந்து என்னிடம் சொன்னபோது அவள் அழவில்லை. நான்தான் கத்தரிக்கோலோடு எழுந்து குதித்தேன்.

"விடு ரஹமத்" என்றாள். "பெர்முக்கு நாள் நட்சத்திரம் கெடையாது. வெள்ளக்காரம்மாவும் கேக்கமாட்டாங்க, காலேஜ் பசங்களும் கேக்கமாட்டாங்க."

அப்படித்தான் அவள் ராடையே பிழைப்பாக்கிக்கொண்டாள்.

அவள் புருஷன் காசி சொந்தமாக ஒரு வேன் ஓட்டிக்கொண்டிருந்தான். அவலூர்பேட்டை ரோட்டில் வேன் கவிழ்ந்து போய்ச் சேர்ந்தபோது மகள் வினோதினிக்கு நடை பழகவில்லை. தேவிக்கு அப்போது இடுப்புக்குக் கீழே முடி, கனமாக, கோரைப்புல் மாதிரி ஒரு வளைவு இல்லாமல் நேராக இருக்குமாம். நம் ஊரில் ஒரு பேச்சு இருக்கிறதே, சுருட்டை முடி சோறு போடும், கோரைமுடி குடியைக் கெடுக்கும் என்று. எந்தக் கூறுகெட்டவர் வாயிலிருந்து வந்ததோ தெரியாது. காரியத்தன்று வாசல் நிறைய ஜனம் உட்கார்ந்திருக்க, மாமியார் அதைச் சொல்லித்தான் மாரில் அடித்துக்கொண்டாள். "அன்னிக்கே சொன்னேன், கோரமுடி வேணாம் வேணாம்னு. எம் புள்ளய வாரிக்கினு போயிட்டாளே!" ஒருத்தரும் அந்த அம்மாளின் வாயை மூடவில்லை.

தேவி குழந்தையைத் தூக்கிக்கொண்டு தாம்பரத்தில் இருந்த சித்தி வீட்டுக்குப் போனாள். அங்கே ஒரு பார்லரில் கீழே விழுந்த முடியைக் கூட்டுகிற வேலை கிடைத்தது. கூட்டிக்கொண்டே தொழிலைப் பார்த்துக் கற்றுக்கொண்டாள். அவள் முதன்முதலில் பெர்ம் செய்தது தன் தலையில்தான். அழகுக்காக இல்லை. "கோரமுடியா இருந்தாத்தானே குடியக் கெடுப்பேன்" என்றாள் என்னிடம், ஏதோ கணக்குச் சொல்வது போல.

திரும்பி இந்த ஊருக்கு வந்தபோது பழைய ஆட்களுக்கே அவளை அடையாளம் தெரியவில்லையாம். தோள் வரை சுருள் சுருளாக முடி. இன்றைக்கும் செங்கம் ரோட்டில் அவள் பெயர் சுருட்டை அக்கா. மூன்று நாலு மாதத்துக்கு ஒருமுறை வேரில் நேர் முடி எட்டிப் பார்க்கும். ஒரு மத்தியானம் கடையைச் சாத்திக்கொண்டு கண்ணாடி முன்னால் உட்காருவாள். பின்கழுத்துப் பக்கம் அவளுக்குக் கை எட்டாது, அங்கே நான் சுற்றிவிடுவேன். இது எனக்கும் வினோதினிக்கும் தவிர வேறு யாருக்கும் தெரியாது.

வினோதினிக்கு அப்படியே அம்மா முடி. தேவி அதில் ஒருநாளும் ராடு வைத்ததில்லை. ஊரார் தலையில் எல்லாம் மருந்து ஊற்றுகிறவளுக்குச் சொந்த மகள் தலையில் ஊற்ற மனசு வரவில்லை. வினோதினி படித்து, ஒரு லேபில் ரத்தம் எடுக்கிற வேலைக்குச் சேர்ந்தாள். கீழ்பென்னாத்தூரிலிருந்து ராஜம்மாள் என்கிற அம்மாள் சர்க்கரை பார்க்க அங்கே வருவார். கூட்டி வருகிறவன் மகன் இளவரசன். உரக்கடை வைத்திருக்கிறான், அதிராமல் பேசுவான். அம்மாவுக்கு மாதம் ஒருமுறை பார்த்தால் போதும் என்று டாக்டர் சொல்லியிருக்க, அவன் வாரம் ஒருமுறை கூட்டிவர ஆரம்பித்தான். ராஜம்மாளுக்குக் கை வலித்துப் போய், "பொண்ணு புடிச்சிருந்தா வாயத் தொறந்து சொல்லேன்டா, எதுக்கு என் ரத்தத்தை உறிஞ்சற" என்று கேட்டாராம். அப்படிப் பிறந்த சம்பந்தம் இது.

வேலையில் வினோதினி கொண்டை போட்டு வலை மாட்டியிருப்பாள். அதனால் ராஜம்மாள் அவள் முடியைப் பார்த்ததில்லை. பெண் பார்க்க வந்த அன்று தேவி ஆசைப்பட்டு, சூடான இரும்பால் மகளின் முடி நுனியைச் சுருட்டி விட்டிருந்தாள். எல்லோரும் செய்வதுதானே. ராஜம்மாள் வந்ததும் அந்த முடியைத் தடவிப் பார்த்தார். தேவியின் தலையைப் பார்த்தார். முகம் மலர்ந்துவிட்டது.

"அம்மாவுக்கு இருக்கு, பொண்ணுக்கும் வந்திருக்கு. சுருட்ட முடி சோறு போடும்னு சும்மாவா சொன்னாங்க?" என்றவர், கூட வந்திருந்த மூத்த மருமகளைக் காட்டினார். "எங்க மூத்தவ இருக்காளே, கோரமுடி. இவ வந்த வருஷம்தான் எங்க கெணறு வத்திச்சு."

அந்தப் பெண் காபி டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு சிரித்தாள். பழகிப்போன சிரிப்பு. எனக்கு அந்தக் காபியை யார் தலையிலாவது ஊற்ற வேண்டும் போல இருந்தது. தேவிக்கு முகத்தில் ரத்தமே இல்லை.

அன்றிலிருந்து அவளுக்குச் சாப்பாடு இறங்கவில்லை. நான் பேசிப் பார்த்தேன். "இந்த வீடு இல்லன்னா இன்னொரு வீடு. இதுக்கெல்லாம் பயந்தா முடியுமா?"

"பையன் நல்லவன் ரஹமத். இவளுக்கும் புடிச்சிருக்கு. நாளைக்கு அந்த வூட்ல ஒரு மாடு செத்தாக்கூட எம் பொண்ணு முடிதான் காரணம்னு சொல்லுவாங்க. நடு வாசல்ல வச்சு சொல்லுவாங்க. நான் பட்டதே போதும்டி, அவ படக்கூடாது."

பட்டவள் அவள்.

வெள்ளிக்கிழமை பூ வைக்க வருவதாக ஏற்பாடு. மாப்பிள்ளை வீட்டுப் பெண்கள் வந்து, பெண்ணுக்குத் தலையில் பூ வைத்து, இவள் எங்கள் வீட்டுப் பெண் என்று உறுதி செய்கிற நாள். வைக்கிறவர் ராஜம்மாள், வைக்கிற இடம் முடி. தேவி வியாழக்கிழமை கடைக்கு லீவு போர்டு மாட்டினாள்.

"வேணாம்மா" என்றாள் வினோதினி.

"இந்த ஒரு தடவ."

"இந்த ஒரு தடவதான்னு உன் தலையிலயும் ஆரம்பிச்சிருப்ப."

தேவி அழ ஆரம்பித்தாள். அந்தப் பெண் வந்து நாற்காலியில் உட்கார்ந்துவிட்டது.

அன்று மட்டும் திரையை விலக்கிவிட்டு நான் நேராகவே பார்த்தேன். தேவி ராடுகளை எல்லாம் தட்டில் கொட்டி ஒவ்வொன்றாகப் பார்த்தாள். சிவப்பைத் தொட்டாள், வைத்துவிட்டாள். "இது பொம்ம மாதிரி ஆக்கிடும். அந்தம்மா பார்த்த ஒடனே கண்டுபுடிச்சிடும்." சாம்பலை எடுத்தாள். "ஒரே ராடு போட்டா தலை பூரா ஒரே மாதிரி சுருளும். சாமி அப்படி சுருட்டாது. நெத்தியில ஒண்ணு இருக்கும், பொடரியில ஒண்ணு இருக்கும், நடுவுல ஒண்ணு சுருளவே சுருளாது." பிறவிச் சுருட்டை என்று நம்ப வைக்க வேண்டுமென்றால் ராடைக் கலந்து போட வேண்டும். நெற்றியோரம் சாம்பல், நடுவில் வெள்ளை, கீழே ஊதா என்று பிரித்தாள்.

ஒரு சிக்கல் இருந்தது. இடுப்பு வரை இருக்கிற முடியின் கனமே சுருளை இழுத்து நேராக்கிவிடும். பாதியாவது வெட்ட வேண்டும். வேறு யாராக இருந்தாலும் இரக்கமில்லாமல் வெட்டியிருப்பாள். கத்தரியை எடுத்தாள், மகளின் முடியைக் கையில் அள்ளிப் பார்த்தாள், கத்தரியை வைத்துவிட்டாள். மருந்தையும் முழு நேரம் ஊற விடவில்லை. "எரியுதா? எரியுதா?" என்று கேட்டுக்கேட்டு, அவள் இல்லை இல்லை என்றாலும், பாதியிலேயே அலசிவிட்டாள். இதையே இன்னொருத்தி செய்திருந்தால், தொழிலா பண்ணுகிறாய் என்று கேட்டிருப்பாள்.

ஆனாலும் முடி சுருண்டது. ராடை ஒவ்வொன்றாக உருவ உருவ, அந்தப் பெண் வேறு யாரோ ஆகிக்கொண்டே வந்தாள். அழகாகத்தான் இருந்தது, பொய் சொல்லக்கூடாது. தேவி பழக்க தோஷத்தில் எல்லோருக்கும் சொல்வதையே மகளுக்கும் சொன்னாள். "மருந்து போட்ட முடி பச்சப்புள்ள மாதிரி. மூணு நாளைக்குத் தண்ணி படக்கூடாது, எண்ணெ படக்கூடாது, சீப்பு படக்கூடாது. பட்டா பழையபடி ஆயிடும்."

"சரிங்க மேடம்" என்றாள் வினோதினி, கண்ணாடியைப் பார்க்காமல்.

வெள்ளிக்கிழமை விடிந்ததும் ஜாக்கெட்டை எடுத்துக்கொண்டு அவர்கள் வீட்டுக்குப் போனேன். கை அளவு ஒருமுறை போட்டுப் பார்த்துவிட வேண்டும் என்று. பின்கட்டிலிருந்து சீயக்காய் வாசனையும் சாம்பிராணிப் புகையும் வந்தன. எட்டிப் பார்த்தேன். வினோதினி முக்காலியில் உட்கார்ந்திருந்தாள். முடியிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. தேவி துண்டால் முறுக்கிப் பிழிந்து, கையில் பெரிய சீப்போடு சிக்கெடுத்துக்கொண்டிருந்தாள். ஏதோ பாட்டு வேறு முணுமுணுத்துக்கொண்டிருந்தாள்.

"யா அல்லா! என்னடி பண்ற தேவி?"

"தல குளிக்க வச்சேன். வெள்ளிக்கெழம, நல்ல நாள் இல்ல? எண்ணெ வைக்காம எப்படி..."

கையிலிருந்த முடியைப் பார்த்தாள். நுனியில் மட்டும் ஒரு சோம்பேறி வளைவு இருந்தது. மற்றபடி வேரிலிருந்து கீழே வரை கயிறு பிடித்த மாதிரி நேர். எத்தனை தலைக்கு எச்சரிக்கை சொன்னவள்! காலையில் எழுந்தபோது அவள் பார்லர்காரியாக எழவில்லை. மகளுக்கு நல்ல நாள் என்று ஒரு அம்மாவாக எழுந்து, நல்லெண்ணெயைக் காய்ச்சி, உச்சியில் வைத்து, வெந்நீர் ஊற்றி, தேய்தேய் என்று தேய்த்துக் குளிப்பாட்டிவிட்டாள்.

சீப்பு கீழே விழுந்தது. "ஐயோ, மறந்துட்டேனே. எம் புத்தி எங்க போச்சு? உனக்காவது தெரிஞ்சிருக்கக்கூடாதா வினோ?"

"தெரியும்மா."

"தெரிஞ்சா சொல்றதுக்கு என்ன?"

வினோதினி திரும்பாமல் சொன்னாள். "நீ எனக்கு எண்ணெ வச்சு எத்தன வருஷம் ஆச்சு? காலைல நான் எழுந்திரிக்கறப்ப நீ கடைக்குப் போயிருப்ப. ஊர்ல எல்லார் தலையிலயும் உன் கை இருக்கும், என் தலைல இருக்காது. இன்னிக்குத்தான் வச்ச. சொன்னா நிறுத்திடுவியே."

தேவி அந்த ஈரத் தலையை வயிற்றோடு அணைத்துக்கொண்டாள். நானும் முந்தானையை எடுத்துக் கண்ணைத் துடைத்தேன். ஆனால் நேரம் ஓடிக்கொண்டிருந்ததே. ராகுகாலத்துக்கு முன்னால் பூ வைத்தாக வேண்டும், பத்தரைக்குள். நான்தான் முதலில் தேறினேன். "இரும்பு எங்க? சூடு பண்ணு. சுருட்டி விட்டுடலாம்."

"வேணாம் பெரிம்மா" என்றாள் வினோதினி. "இன்னிக்கு இரும்பு, நாளைக்கு ராடு. அப்புறம் மூணு மாசத்துக்கு ஒரு தடவ திருட்டுத்தனமா வந்து அம்மாகிட்ட வேர் சுருட்டிக்கினு போகணுமா, ஆயுசு பூரா? எனக்கு இந்த முடிதான். அவங்க வேணாம்னா வேணாம்."

வேண்டாம் என்று சொல்லிவிடுவார்களோ என்ற பயம் அவளுக்கும் இருந்தது. இளவரசனை அவளுக்கு அவ்வளவு பிடித்திருந்தது.

ஒன்பதரைக்கு வந்துவிட்டார்கள். ராஜம்மாளும் மூத்த மருமகளும் உறவுக்காரப் பெண்கள் சிலரும், தட்டுத் தட்டாகப் பழம், புடவை, பந்து பந்தாக மல்லிகை. இளவரசனும் மற்ற ஆண்களும் வாசலில் நின்றார்கள். வினோதினியைக் கூடத்தில் பாயில் உட்கார வைத்தோம். முடியைத் தளரப் பின்னியிருந்தது. தேவி சமையலறைக் கதவுக்குப் பின்னால் நின்றாள். மகளுக்குப் பூ வைக்கிற இடத்துக்கு அவள் வரக்கூடாது என்று அவளே முடிவு செய்துகொண்டிருந்தாள். கதவிடுக்கில் ஒரு கண்ணும் கொஞ்சம் சுருள் முடியும்தான் தெரிந்தன.

ராஜம்மாள் பூச்சரத்தை எடுத்துக்கொண்டு பின்னால் வந்து உட்கார்ந்தார். பின்னலைக் கையில் தூக்கினார். அப்படியே நிறுத்தினார். பின்னலின் மேல் விரலை ஓட்டி, நுனி வரை போய், திரும்பி மேலே வந்தார்.

"அன்னிக்கு சுருட்டையா இருந்துதே?"

எண்ணெய் வைத்ததால் அப்படித் தெரிகிறது என்று ஒரு பொய்யை நான் நாக்கு நுனியில் தயாராக வைத்திருந்தேன். நான் வாயைத் திறப்பதற்குள் வினோதினி பேசிவிட்டாள்.

"அது இரும்புல சுருட்டினது அத்தை. எனக்குக் கோரமுடிதான். எங்கம்மாவுக்கும் கோரமுடிதான். அவங்க தலையில இருக்கறது மருந்து போட்டது. நீங்க இப்பவே தெரிஞ்சிக்கறது நல்லது." மூச்சு வாங்கிக்கொண்டாள். "எங்கப்பா முகம் எனக்கு ஞாபகம் இல்ல. பொறந்ததுலேர்ந்து எனக்குச் சோறு போட்டது எங்கம்மா ஒருத்திதான். அந்தக் கோரமுடிதான் போட்டுது."

கதவுக்குப் பின்னால் ஒரு விசும்பல் கேட்டது. ராஜம்மாள் கையில் பூச்சரம் தொங்கிக்கொண்டிருந்தது. யார் முகத்தைப் பார்ப்பது என்று தெரியாமல் எல்லோரும் பழத்தட்டைப் பார்த்தோம்.

தட்டைப் பிடித்துக்கொண்டு நின்ற மூத்த மருமகள்தான் மெல்லச் சொன்னாள். "நம்ம வூட்லயும் சோத்துக்கு ஒல வைக்கறது நான்தானே அத்தை."

ராஜம்மாள் நிமிர்ந்து அவளைப் பார்த்தார். அந்தப் பெண் இத்தனை வருஷத்தில் எதிர்த்து ஒரு வார்த்தை பேசியிருக்க மாட்டாள் போல. பேசிவிட்டு அவளே பயந்து நின்றாள். அவளுக்குத் துணைக்கு எழுந்துவிடலாமா என்று நான் முழங்காலை ஊன்றிவிட்டேன்.

"சரிதான்" என்றார் ராஜம்மாள் கடைசியில். குரல் கம்மியிருந்தது. "ரெண்டு பேரும் சேந்துக்கினீங்களா? உங்கள பகைச்சுக்கினா நாளைக்கு எனக்கு யாரு சோறு போடுவா?" என்று முணுமுணுத்துக்கொண்டே பூவைப் பின்னலில் வைத்தார்.

வாசலில் இளவரசன் மூச்சு விட்டது உள்ளே வரை கேட்டது. ஆனால் பூ நிற்கவில்லை. எண்ணெய் வைத்துக் குளித்த நேர் முடி. சரம் வழுக்கிக்கொண்டு மடியில் விழுந்தது. எடுத்து மறுபடி வைத்தார், மறுபடி விழுந்தது. கொண்டை ஊசியைக் குத்தினார், ஊசியும் சேர்ந்து வந்துவிட்டது.

"யாராவது இந்த முடியப் புடிங்களேன்" என்றார். மூத்த மருமகள் தட்டைக் கீழே வைக்கப் போனாள். "நீ இரு. சம்பந்தியம்மா எங்க? அங்க கதவுக்குப் பின்னால என்ன வேல? முடி புடிக்கத் தெரிஞ்சவங்க நீங்கதானே, வாங்க இப்படி."

தேவி கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "பூ வைக்கற எடத்துக்கு நான் வரக்கூடாதுங்க."

"வழுக்குதுங்கறேன். ராகுகாலம் பொறந்துடும். வாங்கம்மா!"

அதட்டிய மாதிரிதான் கூப்பிட்டார். தேவி வந்தாள். நடந்து வந்தாளா, நான் தள்ளிவிட்டேனா என்று நினைவில்லை. மகளுக்குப் பின்னால் மண்டியிட்டாள். பின்னலின் மேலே ஒரு சின்னக் கற்றையைப் பிரித்து, முறுக்கி, ஊசி பிடிக்க ஒரு முடிச்சு மாதிரிச் செய்தாள். எண்ணெய் வழுக்கலில் இரண்டு முறை நழுவியது. வினோதினி கையைப் பின்னால் நீட்டி அம்மாவின் புடவையைப் பிடித்துக்கொண்டாள்.

"இங்க குத்துங்க. குறுக்க ஒண்ணு" என்றாள் தேவி. கேட்கவே முடியாத குரல்.

ராஜம்மாள் அவள் சொன்ன இடத்தில் குத்தினார். சரத்தை வளைத்து வைத்தார். பூ நின்றது. "இவ பெத்துப் போடறதுக்காவது சுருட்ட வருதா பாப்போம்" என்றார். அந்த அம்மாள் திருந்த மாட்டார், தெரியும். ஆனால் அதற்கு முதலில் சிரித்தது மூத்த மருமகள்தான்.

போட்டோ எடுக்கிறவன் கேமராவைத் தூக்கிக்கொண்டு வந்தான். தேவி இன்னும் அந்த முடியை விடவில்லை. பூவுக்குக் கீழே அவள் கை அப்படியே இருந்தது, கண் வழிந்துகொண்டிருந்தது.

"பூ வச்சாச்சும்மா, கைய எடுங்க" என்றான் அவன்.

"அம்மா கை இருக்கட்டும்ணா" என்றாள் வினோதினி. "அப்படியே எடுங்க."